முகராசிக் கிண்ணங்கள்

தன் மனைவி கடைசி மூச்சு விட்டபோது அவள் கழுத்தில் கிடந்த கண்ணாடிப் பதக்கத்துக்குக் கடைக்காரர் சொன்ன விலை ஆயிரத்து இருநூறு. படிந்தது தொள்ளாயிரம். வாங்கியவர் யாரோ வழிப்போக்கர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் ஓடிவிட்டார்.

சேதி தெரிந்து மச்சினி வந்து நின்றாள்.

"அக்கா போட்டிருந்தது, எனக்குக் குடுங்கன்னு கேட்டேனே அத்தான்."

"கேட்டே. விலை கேக்கலியே."

"உங்களுக்கு நெஞ்சுக்குள்ள தராசுதான் இருக்கு."

"தராசு சும்மாவா இருக்கு? உங்க அக்கா அதுலதான் முப்பது வருஷம் சாப்பிட்டா."

வெளியே போகும்போது, மாட்டியிருந்த அத்தனை கண்ணாடியிலும் அவள் முதுகு போனது.

ஜன்னல் கண்ணாடி, மேசைக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் வெட்டி விற்கும் கடை அவருடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு. வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளை மனைவி பொறுக்கிக்கொண்டு போவாள். பின்னறையில், துணி துவைக்கும் இயந்திரம் அளவுக்கு ஒரு மின்சூளை. துண்டுகளை அடுக்கி ஒருமுறை சுட்டால் ஒட்டித் தட்டையாகும்; தோடு, பதக்கமெல்லாம் அப்படித்தான் செய்வாள். அந்தத் தட்டையை ஓர் அச்சின்மேல் வைத்து மறுபடி சுட்டால், இளகி, தொய்ந்து, அடியில் என்ன இருக்கிறதோ அதன் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொண்டு கிண்ணமாகும். அவளுக்கு அது பொழுதுபோக்கு, அவருக்குச் சரக்கு. தங்கைக்கென்று எடுத்துவைத்த தோட்டையும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கென்று செய்த கிண்ணத்தையும் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் விற்றுக் கல்லாவில் போட்டுவிடுவார்.

"உன் கைராசின்னு நெனச்சிக்காதே. என் முகராசிக்குத்தான் விக்குது."

ஒருநாள், கிண்ண விளிம்பை அரத்தால் ராவிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அப்ப அந்த மொகத்தையே அச்சா வெச்சுக்கறேன். நீங்க அலைய வேண்டாம்."

நல்ல தமாஷ் என்று அதையும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மச்சினி வந்துபோன மறுநாள் காலை, சூளையையும் விற்றுவிட ஆள் பார்க்கலாமென்று பின்னறைக்குப் போய் மூடிமேல் கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது, தூங்குகிற ஆளின் நெற்றி போல. அவள் போன அன்றே வயரைப் பிடுங்கிச் சுருட்டி அந்த மூடிமேல் வைத்தவர் அவரே. சுருள் அப்படியே இருந்தது. காய்ந்த சுண்ணாம்பும் கருகிய தூசியும் கலந்த அந்தப் பழைய வாசனை, அவள் சேலையில் எப்போதும் இருந்த வாசனை, அறையில் புதிதாக எழுந்து நின்றது. மூடியைத் தூக்கினார். உள்ளே, வெள்ளைப் பொடி பூசிய கற்பலகைமேல், கடல் பச்சையில் ஒரு கிண்ணம். அடியில் அச்சு எதுவும் இல்லை. கிண்ணத்தின் நடுவில் மட்டும் ஒரு சின்னக் குழி. சுண்டுவிரல் நுனியை வைத்தால் பொருந்தியது.

அவள் கடைசியாக வைத்துவிட்டுப் போனதாயிருக்கும். வேறென்ன? வியாபாரிக்கு யோசனை அத்தோடு நின்றது. முதல் போணியே அதுதான். அடுத்த தெரு வக்கீலம்மா பேரம்கூடப் பேசாமல் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சவரம் செய்யும்போது கத்தி சறுக்கிக்கொண்டு போனது. தாடையில் ஒரு குழி உண்டு அவருக்கு. கல்யாணமான புதிதில் அவள் சுண்டுவிரல் நுனியை வைத்துவைத்துப் பார்த்த குழி. அதைக் காணவில்லை. முன்னால் வந்து நிற்கும் தாடையே உள்வாங்கி, சோப்புக்கட்டி மாதிரி மழமழவென்று கழுத்தோடு ஒட்டிக்கிடந்தது. வலி இல்லை. வயசானால் சதை தொங்கும் என்று சொல்லிக்கொண்டார். சதை ஏறுமா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று இருட்டியபின் பின்னறையில் டிக், டிக் என்று சத்தம் கேட்டது. சுட்ட கண்ணாடி ஆறும்போது எழும் சத்தம். அது அடங்கும்வரை மூடியைத் தொடக்கூடாது என்பது அவள் சட்டம். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். விடிந்ததும் போய்ப் பார்த்தார். இரண்டாவது கிண்ணம், தேன் நிறம். நடுவில் ஒரு முகடு, முகட்டின் இரண்டு பக்கமும் மூக்குக்கண்ணாடி அழுத்திய தழும்பு.

விற்கக்கூடாது என்றுதான் அதைக் கையில் வைத்திருந்தார். ஆனால் வந்த கிராக்கி கேட்காத விலையைத் தானாகச் சொன்னான். வாய் மறுப்பதற்குள் கை பணத்தை வாங்கிவிட்டது. கல்லாவைச் சாத்தக் குனிந்தபோது மூக்குக்கண்ணாடி நழுவி மேசையில் விழுந்தது. எடுத்து மாட்டினார். விழுந்தது. மறுபடி. அது உட்கார முகத்தில் முகடு இல்லை.

இருபது வருஷ வாடிக்கையான தச்சர், கண்ணாடி வாங்க வந்தவர், அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொதலாளி இல்லீங்களா?"

"நான்தாம்பா."

"தமாசு பண்ணாதீங்க. அவர் வரட்டும், அப்புறமா வாரேன்."

கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வக்கீலம்மா வீட்டுக்கு ஓடினார். பச்சைக் கிண்ணம் கூடத்தில் இருந்தது. அவள் குழந்தை குழிக்குள் விரலை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. இவருக்குத் தாடையில் எங்கோ கூசியது. வாங்கிய விலையைப் போல ரெண்டு மடங்கு தருகிறேன் என்றார். மூன்று என்றார்.

"மன்னிச்சிடுங்க. அது விலைக்கு இல்ல," என்றாள் வக்கீலம்மா. வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் கேட்டுச் சிரித்த வார்த்தை அது.

திரும்பும் வழியில் மச்சினி வீட்டு வாசலில் நின்றார். குரலை வைத்துத்தான் அவள் கண்டுகொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

"அக்கா கிட்ட என்ன வாங்கினீங்க அத்தான்?"

"ஒண்ணும் வாங்கலே. எனக்காக நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ கேட்டா கேப்பா."

"நான் கேட்டதை நீங்க குடுத்தீங்களா?" கதவைப் பாதி சாத்தினாள். "அந்தப் பதக்கத்தைத் தேடிக் கொண்டாங்க. அப்புறம் சொல்றேன்."

எங்கே தேடுவது? பேர் தெரியாது. ஊர் தெரியாது. ஏறிப்போன பஸ்கூடத் தெரியாது. சில்லறை வாங்காமல் போனார் என்பது மட்டும் தெரியும். அதற்காக அன்றைக்குச் சந்தோஷப்பட்டதும் தெரியும்.

வீடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தெரு முழுக்க மின்சாரம் இல்லை. கடைக் கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் சாம்பல் வெளிச்சம். ஒவ்வொன்றிலும் ஒரு சட்டை நடந்து போனது, சட்டைக்கு மேலே ஏதோ வழவழப்பாக. அவர் எதையும் பார்க்காமல் பின்னறைக்குப் போனார். இன்றோடு சூளையை உடைத்துவிடுவது. கையில் சுத்தியல்.

கதவுக்கு அடியில் சிவப்பு.

மூடியின் விளிம்பைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. வயர் சுருள் மூடிமேல். பிளக்கைத் தொட்டார். குளிர்ந்திருந்தது.

டிக்.

சுண்ணாம்பு வாசனை. ராவும் சத்தம். இல்லை, இல்லை, மூச்சு. அவருடையதுதான்.

டிக்.

"வேண்டாம்மா," என்றார். "நான் விக்க மாட்டேன். இனிமே எதையும்..."

முடிக்கவில்லை. முடிக்க வரவில்லை. உதடு ஒன்றோடொன்று இளகியது. தொய்ந்தது. ஒட்டியது. சூடு இல்லை. வலியும் இல்லை. விரலால் தடவினார். வழவழப்பு. நகத்தால் கீறினார். வழவழப்பு.

சிவப்புக் கோடு அணைந்தது. மூடி தானாக எழுந்தது.

ரத்தச் சிவப்பில் கிண்ணம். பேரம் பேசுகிற வாய், பாதி வார்த்தையில் திறந்தபடி. உள்பக்கம் ஆவி படிந்தது. மறைந்தது. படிந்தது.

பக்கத்தில், பலகைமேல், பதக்க அளவுக்கு வட்டமாக வெட்டி, விளிம்பு ராவி, சுடுவதற்குத் தயாராக வைத்த வெறும் கண்ணாடி. இரண்டு.

கடைக்காரருக்குக் கணக்கு மட்டும் இன்னும் வந்தது. விற்றது தாடை ஒன்று, மூக்கு ஒன்று. கையிருப்பு வாய் ஒன்று. பாக்கி, கண் இரண்டு.