வீல் என்றாள் முத்துத்தாய்

"வீல்...!"

மதுரைப் பக்கம் பரவையைத் தாண்டி, சோலையின் தோட்டத்திலிருந்து அந்த அலறல் கிளம்பியபோது காலை மணி ஒன்பது நாற்பது.

அலறியவள் சோலையின் மனைவி முத்துத்தாய். அவள் எதிரில் இன்னொரு வீல் இருந்தது. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது!

எட்டடி உயரத் தகரச் சக்கரம். மேலிருந்து தண்ணீர் விழும். சக்கரம் சுற்றும். சுற்றுகிற சக்கரமே, கீழே தொட்டியில் விழுந்த தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும். கரண்ட் வேண்டாம். டீசல் வேண்டாம். நிற்கவே நிற்காதாம்! போதாக்குறைக்கு மிச்சத் தண்ணீர் வயலுக்கும் பாயுமாம்!

அதன் காலடியில், ஈர மண்ணில், மல்லாந்து கிடந்தான் சோலை. கண்கள் மூடியிருந்தன. வலது கை விரல்கள் கறுத்துப் போயிருந்தன.

"ஐயோ... என்னங்க! எந்திரிங்க!"

ஊர் ஓடி வந்தது. முத்துத்தாய் குறுக்கே விழுந்து மறித்தாள்.

"யாரும் தொடாதீக! போலீசு வரட்டும்!"

மோட்டார் ரூம் நிழலிலிருந்து வியர்த்துக்கொண்டே வந்தான் சூரியபிரகாஷ். திருநகர்க்காரன். வீலைக் கண்டுபிடித்தவன். விசிட்டிங் கார்டில் 'விஞ்ஞானி' என்று தானே அச்சடித்துக்கொண்டவன். ஒரு மாதமாக இந்தத் தோட்டத்தில் வீலைச் சுற்றிக் காட்டி, ஊரையே வாய் பிளக்க வைத்தவன்.

இன்று பகல் பன்னிரண்டுக்குப் பத்திர ஆபீஸ். கிணற்றையும் இரண்டு ஏக்கரையும் அவன் கம்பெனி பெயருக்குச் சோலை எழுதித் தருவதாக ஏற்பாடு. பதிலுக்கு வீலில் ஆயுள் பங்கு!

ஆயுளே போய்விட்டதே...!

ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் டயானா இறங்கினாள். பிசிக்ஸ் படித்துவிட்டு போலீசுக்கு வந்தவள். படித்ததை இன்னும் மறக்காத அபூர்வப் பிறவி.

ஏட்டு தனிஸ்லாஸ் குனிந்து சோலையின் மூக்கருகே விரலை வைத்தார்.

"முடிஞ்சிருச்சும்மா."

"விரலைப் பாருங்க ஏட்டய்யா. கருகியிருக்கு. கரண்ட் அடிச்ச மாதிரி இல்ல?"

சூரியபிரகாஷ் பாய்ந்து வந்தான்.

"சான்ஸே இல்ல மேடம்! இந்த வீல்ல கரண்டே கிடையாது!"

"தண்ணி எப்படி ஏறுது?"

"வீல் ஏத்துது."

"வீல் எப்படிச் சுத்துது?"

"தண்ணி சுத்துது."

"ஏறுற தண்ணி அம்புட்டும் விழுந்தாலும் வீலு நாலு சுத்துல நின்னுரும். நீங்க வயலுக்கு வேற பாய்ச்சுறீங்க. அந்த மிச்சம் எங்கருந்து வருது?"

"அதுதான் மேடம் என் கண்டுபிடிப்பு!"

"நல்லாருக்கு. சரி, உங்க பேச்சையே எடுத்துக்கிறேன். கரண்ட் இல்ல. அப்ப ஷாக்கும் இல்ல."

"இல்லவே இல்ல!"

"அப்புறம் நல்லா இருந்த மனுஷன் எப்படிச் செத்தாரு? காலையில தோட்டத்துல இருந்தது யாரு?"

"இவுக ரெண்டு பேருந்தான்!" முத்துத்தாய் மூக்கைச் சிந்தினாள். "கையெழுத்துப் போட யோசிக்கணும்னு நேத்துச் சாயங்காலம் சொன்னாரும்மா. இந்த ஆளு சண்டை போட்டுட்டுப் போனாரு!"

"எழுதுங்க ஏட்டய்யா. கொலை."

"கொ... கொலையா?"

பாவம், சூரியபிரகாஷ் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஷாக் என்றால் விபத்து. ஷாக் என்றால் கரண்ட்! கரண்ட் என்றால் ஒரு மாத வித்தை அத்தனையும் பொய்! கரண்ட் இல்லை என்றால்... கொலை!

ஏட்டு ஜீப் கதவைத் திறந்தார்.

"மேடம்! இருக்கு மேடம்!"

"என்ன இருக்கு?"

"கரண்ட்..."

"சத்தமா! ஊருக்குக் கேக்கட்டும்."

"கரண்ட் இருக்கு! தொட்டிக்கு அடியில மோட்டார் இருக்கு! சோலை பம்புசெட் லைன்லருந்துதான் மண்ணுக்குள்ள வயர் இழுத்திருக்கேன்! ஷாக்தான் மேடம்... நான் கொல்லல!"

முப்பது செல்போன்கள் அதைப் படம் பிடித்தன.

"சுவிட்ச்?"

"ரூம்ல... முருகன் படத்துக்குப் பின்னாடி."

தனிஸ்லாஸ் போய்த் தட்டினார். வீல் முனகியது. அரைச் சுற்று சுற்றியது. நின்றேவிட்டது!

அடுத்த விநாடி...

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

"அட வெளங்காத பயலே! என் லைன்லயே திருடி எனக்கே வித்தை காட்டுனியாக்கும்?"

கூட்டம் சிதறியது. சூரியபிரகாஷ் தொட்டியில் மோதித் தரையில் உட்கார்ந்தான்.

சோலை விரல்களை வேட்டியில் துடைத்தான். தோசைக்கல் கரி!

"ஒரு மாசமா இவ சொன்னா. நான் கேக்கல. நேத்து டேசனுக்கே இழுத்துட்டுப் போயிட்டா. 'செத்துப் பாருங்கண்ணே, தெரிஞ்சுரும்'னாங்க இந்த டயானாம்மா. வீலு நெசம்னா எந்திரிச்சு நேரா பத்திர ஆபீசுக்குத்தேன் போவேன்னு சொல்லிட்டுத்தான் படுத்தேன்!"

முத்துத்தாய் அவன் கரிக்கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். இந்த அழுகையில் நடிப்பு இல்லை. இரண்டு ஏக்கரும் கிணறும் மயிரிழையில் தப்பியிருந்தன.

விலங்கு மாட்டியபோது சூரியபிரகாஷுக்கு வீரம் வந்தது.

"இது மோசடி மேடம்! செத்த ஆள் எப்படி எந்திரிப்பான்?"

டயானா தொப்பியைச் சரி செய்துகொண்டாள்.

"ஏன்யா... கரண்டே இல்லாம உன் வீலு சுத்தும்போது, உயிரே இல்லாம எங்க ஆளு எந்திரிக்கக் கூடாதா?"