என்சைமைக் கொன்றது யார்?

"ஐயோ... கொலை!"

பேராசிரியர் போட்ட அலறலில் ஆய்வுக்கூடமே அதிர்ந்தது.

போன் பறந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"பாடி எங்க சார்?"

பேராசிரியர் நீட்டியது... சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் குழாய்!

"உள்ள பாருங்க. என்சைம்! மருந்துக் கம்பெனியில சோதிச்சாங்க. ஒரு சர்க்கரைகூட நகரலயாம். செத்துப்போச்சு!"

இன்ஸ்பெக்டர் ஆட்டிப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

"உயிரோட இருந்தப்ப என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

மூலையில் நின்ற ஆராய்ச்சி மாணவி சொன்னாள்.

"டி.என்.ஏ.வோட ஒவ்வொரு எழுத்துலயும் ஒரு சர்க்கரை ஒட்டியிருக்கும் சார். அதைப் பிடுங்கி இன்னொரு எழுத்துல ஒட்டிடும். புதுப்புது மருந்து செய்யலாம்."

"பிடுங்குமா? அப்ப செத்தவன் யோக்கியன் இல்ல!"

அவள் சிரிக்கவில்லை. வருஷக்கணக்கில் ராப்பகலாய் உழைத்தவள் அவள். நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் முன்னால், கண்டுபிடித்தவர் என்று அறிவிக்கப்போவதோ பேராசிரியர் பெயரை மட்டும்! கேட்டதற்கு, "பேருக்காம்மா உழைக்கிறோம்?" என்றார் மனுஷன். என்ன நெஞ்சழுத்தம்!

"யார் மேல சந்தேகம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இவ மேலதான்!"

"கடைசியா கையில வச்சிருந்தது?"

பேராசிரியர் இழுத்தார்.

"பேப்பர்ல போட... போட்டோவுக்காக நான்தான் சும்மா பிடிச்சிட்டு நின்னேன்..."

"ஐஸ் இல்லாம!" என்றாள் மாணவி. "கைச்சூடு ரொம்ப நேரம் பட்டா என்சைம் போயிடும் சார்."

இன்ஸ்பெக்டரின் பார்வை மெல்லத் திரும்பியது... பேராசிரியர் பக்கம்!

"எனக்கும் இந்த என்சைமுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!" பேராசிரியர் பதறினார். "கண்டுபிடிச்சது இவ! வளர்த்தது இவ! நான் ஒரு நாள்கூட இந்த மேஜைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்ல. எழுதிக்கோங்க!"

இன்ஸ்பெக்டர் எழுதினார். பேராசிரியர் கையெழுத்தும் போட்டார்.

மாணவி குளிர்பெட்டியைத் திறந்தாள். உள்ளே வரிசையாய்க் குழாய்கள்!

"என்சைமைக் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுத்தான் உறைய வைப்போம் சார். மொத்தத்தையும் ஒரே குழாயில விட மாட்டோம். இங்க வேலை செய்யற எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப... இது?" இன்ஸ்பெக்டர் கையிலிருந்த குழாயைக் காட்டினார்.

"வெறும் தண்ணி. போட்டோவுக்குக் கேட்டாரு, குடுத்தேன். கம்பெனிக்குக் கொண்டுபோவாருன்னு நான் கண்டேனா? என் என்சைம் நல்லா உயிரோட இருக்கு."

'என்' என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

பேராசிரியர் பாய்ந்து வந்தார்.

"இன்ஸ்பெக்டர்! அந்தப் பேப்பர்ல என் பேரையும் சேர்த்துக்கோங்க!"

"ஏற்கெனவே சேர்த்தாச்சு சார்... பொய்ப் புகார் குடுத்தவங்கள்ல முதல் பேரே உங்களுதுதான்!"