ஆச்சு

நிலவின் ஆறாம் குழிக் குடியிருப்பில் ஒரு முதியோர் இல்லம் இருந்தது. காலை உணவுப் பசை வந்து நாற்பது நிமிடம் ஆனதும் பணியாளர்களின் காதுக்குப் பின்னால் ஒரு கிள்ளு விழும். தோலுக்கடியில் அரிசியளவு கருவி பதித்திருந்தார்கள். நிறுவனம் அதற்கு வைத்த பெயர் பணிநோக்கி. வேலை செய்கிறவர்கள் கங்காணி என்றார்கள். கிள்ளியதும் பணியாளர் இசக்கி எழுந்து படுக்கை படுக்கையாக நடப்பாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

தலைமாட்டில் பச்சை எரியும். ஆளுக்கு இருபது நொடி. அதற்கு மேல் நின்றால் மறுபடி கிள்ளும்.

முன்பு பணியாளர்களே பதிவு போட்டார்கள். ஊட்டாமலே ஊட்டியதாகப் போட்டார்கள். சிலர் பசையைத் தாங்களே தின்றார்கள். மூன்று கிழவர்கள் செத்த பிறகு சட்டம் மாறியது. பணியாளர் சொல் செல்லாது, இல்லத்தில் இருப்பவரின் வாய்மொழிதான் செல்லும். உணவு டப்பாவைப் பணியாளர் தொடக் கூடாது. தொட்டால் ஒரு குறி. மூன்றாவது குறி விழுந்தால் சலவைக் கூடம். அங்கே குழித் தூசி படிந்த உடைகளை உதற வேண்டும். போனவர்கள் இருமிக்கொண்டேதான் திரும்பினார்கள். இசக்கிக்கு ஏற்கெனவே இரண்டு குறி.

நாற்பத்தொன்றாம் படுக்கை தவசியுடையது. முப்பத்திரண்டு வருஷம் குழியில் துளைப்பான் பிடித்தவர். துளைப்பானை விட்ட பிறகும் கை நடுக்கம் விடவில்லை. விரல்கள் மடங்குவதில்லை. போன மாதம் புது டப்பா வந்தது. கசியக் கூடாதென்று மூடியை இறுக்கமாகச் செய்திருந்தார்கள்.

நிலவில் எதுவும் மெல்லத்தான் விழும். அன்று தவசி எழுந்து நின்றபோது அவருடைய கால்சட்டை மெல்ல விழுந்தது. இசக்கி பிடித்து ஏற்றிவிட்டாள். இடுப்பில் எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது. தட்டில் டப்பா மூடியபடி இருந்தது.

"பெரியப்பா, இது திறக்கவே இல்லயே. இப்பதான ஆச்சுன்னிய?"

"ஆச்சுன்னுதான் சொல்லணும். இல்லன்னா ஒங்கிட்ட சோறு கேட்ட மாதிரில்லா ஆயிரும்."

"கேட்டா என்ன? கொறஞ்சா போயிருவிய?"

"துளைப்பான் புடிச்ச கையி ஒரு மூடிய தொறக்க மாட்டேங்குன்னு ஊரெல்லாம் சொல்லச் சொல்லுதியா? போளா. ஒங் கங்காணி கடிக்கப் போவுது."

கடித்தது. அவள் அடுத்த படுக்கைக்குப் போனாள்.

மதியம் புகார்ச் சுவரின் முன்னால் நின்று சொன்னாள். "நாப்பத்தொண்ணு சாப்பிடுறதே இல்ல. டப்பா அப்பிடியே திரும்பிப் போவுது." சுவர் அவருடைய கடைசி முப்பது வாய்மொழிகளைப் பார்த்தது. முப்பதும் ஆச்சு. பணியாளர் சொல் செல்லாது. புகார் முடிந்தது என்று சுவர் மரியாதையாகச் சொன்னது.

மறுநாள் இசக்கி அவர் கட்டிலில் உட்கார்ந்து மூடியைத் திருகினாள். கங்காணி கிள்ளியது. அவள் எழவில்லை. பிறகு விடாமல் கிள்ளிக்கொண்டே இருந்தது. கண்ணில் நீர் வடிய அரை டப்பா ஊட்டினாள்.

"ஏன் அழுத?"

"அழல. காது வலிக்கு. வாயத் தொறங்க."

"உப்பே இல்ல," என்றார் தவசி. ஆனாலும் வாயைத் திறந்தார்.

அன்று மாலையே அவளைச் சலவைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அவள் இடத்துக்கு ஓர் இயந்திரம் வந்தது. அதன் பெயர் விசாரிப்பான். இனிமையான குரல். ஒரு வேளைகூடத் தவறாமல் கேட்டது. எட்டாம் நாள் நாற்பத்தொன்றில் பதில் வரவில்லை. சிவப்பு எரிந்தது. விசாரிப்பான் சரியாகத்தான் வேலை செய்தது.

விசாரணைக்கு ஹெலன் என்ற அதிகாரி வந்தாள். வாய்மொழி பதியும் பட்டை ஒன்றை மணிக்கட்டில் கட்டியிருந்தாள். நேர்மையானவள். எல்லாப் பதிவுகளையும் உட்கார்ந்து கேட்டாள். தவசியின் மகள் மூன்றாம் குழியிலிருந்து தினமும் பேசியிருந்தாள்.

"அப்பா, சாப்ட்டியளா?"

"ஆச்சு தாயி."

"சரி, வைக்கேன்."

பதினோரு நொடி. எல்லா நாளும் பதினோரு நொடிதான்.

விசாரிப்பானில் பழுது இருக்கிறதா என்று ஹெலன் தேடினாள். இல்லை. நூறு வருஷமாகத் தமிழ் வீடுகளில் நடந்த கோடிக்கணக்கான தொலைபேசிப் பேச்சுகளைக் கொடுத்து அதற்கு நலம் விசாரிக்கக் கற்றுத் தந்திருந்தார்கள். எல்லாவற்றிலும் அந்தக் கேள்வி இருந்தது, அந்தப் பதில் இருந்தது. அதன் பிறகு பேச்சு வேறு விஷயத்துக்குப் போனது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். நிஜமாகவா என்று யாரும் கேட்டிருக்கவில்லை. நாம் செய்வதைத்தான் அதுவும் செய்தது. பழுதில்லை என்று அறிக்கையில் எழுதி ஹெலன் கையெழுத்திட்டாள்.

வெளியே வந்தபோது வாசலில் இசக்கி நின்றிருந்தாள். சாட்சி சொல்லக் காலையிலேயே கூப்பிட்டுவிட்டு யாரும் உள்ளே அழைக்கவில்லை. பணியாளர்கள் சாப்பிடும் பசைக் கூடத்தை அடைத்து மூன்று மணி நேரமாகியிருந்தது. இருமலை அடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

ஹெலனுக்கு மனசு கேட்கவில்லை. இசக்கியின் தோளைத் தொட்டாள்.

"சாப்பிட்டாச்சாம்மா?"

"ஆச்சு மேடம்."

ஹெலனின் மணிக்கட்டில் பச்சை எரிந்தது. அவள் தலையசைத்துவிட்டு ஊர்தியை நோக்கி நடந்தாள்.