உப்பு பார்க்கும் கை

கறிச்சட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தபோது அவள் நாக்கில் உப்புக் கரித்தது. ஆனால் அவள் எதையும் வாயில் வைக்கவில்லை. எழுந்ததிலிருந்து உள்ளே போனது ரத்தக்கொதிப்பு மாத்திரையும், அதை விழுங்க ஒரு மடக்குத் தண்ணீரும்தான். அது டாக்டரே போடச் சொன்னது. சர்க்கரை மாத்திரை இன்று கூடாது. சாப்பாடு ஒரு பருக்கைகூடக் கூடாது. "மயக்கத்துல, வயித்துல இருக்கறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும்மா. உயிருக்கே ஆபத்து" என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னபோது கணவனும் பக்கத்தில்தான் இருந்தான். போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

பித்தப்பையை எடுக்கப் போகிற நாளிலும் அடுப்படிக்கு அவள்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் மதியத்துக்கும் ராத்திரிக்கும் ஆக்கிவைத்துவிட்டுப் போக வேண்டுமாம். மாமியாருக்கு முழங்கால் வலி, கொழுந்தனுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, கணவனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. தெரியாது என்பதையும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

இடது உள்ளங்கை ஈரமாக இருந்தது. நடுவில் மஞ்சள் கறை. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, நக்கி உப்புப் பார்ப்பது கல்யாணமாகி வந்த நாள் முதல் பழகிய காரியம். அவள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாலும் கை அதன் பாட்டுக்குச் செய்துவிடும். குழாயைத் திறந்து கொப்பளித்துத் துப்பினாள். கரிப்பு போகவில்லை.

"உப்பு பார்த்தியா? போன தடவை வாயில வைக்க முடியல" என்று கூடத்திலிருந்து கணவன் குரல் வந்தது.

"பார்க்கக் கூடாதுன்னு உங்க முன்னாடிதானே சொன்னாங்க? காதுல பஞ்சா வெச்சிருந்தீங்க?"

"ஒரு சொட்டுல உசுரா போயிடும்?" என்றாள் மாமியார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் சமையல் துண்டை இடது கையில் விரல் தெரியாமல் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, ஒற்றைக் கையால் சோறு வடிக்க ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. புகை இழுக்கும் மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது, சட்டி மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது, இரண்டுக்கும் நடுவே இன்னொரு சத்தமும் விட்டுவிட்டுக் கேட்டது. ஏதோ நக்கும் சத்தம். பூனை என்று திரும்பினாள்.

பூனை இல்லை. பின்கதவு சாத்தியிருந்தது. சத்தம் மிக அருகில் கேட்டது.

அவள் வாயிலிருந்து.

துண்டு தரையில் கிடந்தது. சட்டியில் பாதி இல்லை. முகவாயில் சோற்றுப் பருக்கை. தவறிப் போட்டுவிடக் கூடாதென்று மேல் தட்டில் ஒளித்துவைத்த சர்க்கரை மாத்திரை அட்டை கிழிந்து, காலியாக, அடுப்பருகே. வயிறு கல்லாய்க் கனத்தது.

கூடத்துக்கு ஓடினாள். "நான் சாப்பிட்டுட்டேங்க. எனக்கே தெரியாம. மாத்திரையும் போயிடுச்சு. இன்னிக்கு வேண்டாம், தள்ளிவைக்கச் சொல்லுங்க."

"லீவு போட்டாச்சு. நாடகம் ஆடாம கெளம்பு. அங்க வந்து வாயைத் திறந்தே, அப்புறம் இருக்கு."

திறக்கத்தான் போகிறேன், இவன் என்ன தைத்தா விடுவான் என்று கறுவிக்கொண்டே அவள் காரில் ஏறினாள். வழியெல்லாம் இடது கையை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வலது கையில் ஊசிக்குழாயை ஏற்றி, அசையாமல் கட்டையோடு சேர்த்து ஒட்டினாள். "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

"பச்சத் தண்ணிகூட இல்ல" என்றான் கணவன்.

அவள் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷம் விழுங்கி விழுங்கி வைத்த கோபம் முழுக்கத் தொண்டைக்கு வந்தது. கத்தியே சொல்லிவிடுவாள்.

இடது கை எழுந்தது. அவள் எழுப்பவில்லை.

வாயை அப்பிப் பொத்தியது. வதக்கிய வெங்காயத்தின் வாசனை. அவள் தலையைப் பலமாக ஆட்டினாள். இல்லை, பொய், இவன் பொய் சொல்கிறான்.

"சாப்பிடல. சரி" என்று நர்ஸ் குறித்துக்கொண்டாள். "பயப்படாதீங்கம்மா. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்."

"ஊசின்னாலே நடுங்குவா" என்று சிரித்தான் அவன்.

தள்ளுகட்டில் நகர்ந்தது. கதவுகள். வெள்ளை விளக்கு. குளிர். கை விடவில்லை. மயக்க மருந்து முகமூடி இறங்கியபோதுதான் அது தானாக விலகிக்கொண்டது. சொல்ல வேண்டும். நாக்கு மரத்திருந்தது. சொல்ல வேண்டும்.

அடிவயிற்றிலிருந்து சூடாக ஏதோ ஏறியது. நெஞ்சு. தொண்டை.

கண் செருகும் முன் கடைசியாகப் பார்த்தாள். கட்டில் ஓரத்தில் இடது உள்ளங்கை மட்டும் குழிந்தபடி, கரண்டிக்குக் காத்திருப்பதுபோல் நிமிர்ந்திருந்தது.

வாய் நிறைந்தது. உப்பு சரியாக இருந்தது.