மலைப் பலகை

மருதாணி பூத்திருந்தது. பூப்பதில் தவறில்லை. இலையே தெரியாமல் பூத்திருந்ததுதான் சரியாகப் படவில்லை. நசீராவை அடக்கிய கபரின் தலைமாட்டில் மார்பளவு உயரத்தில் நின்ற அந்தச் செடியின் ஒவ்வொரு குச்சியும் நுனி வரை வெண்மஞ்சள் கொத்துகளைச் சுமந்து வளைந்திருந்தது. உய்யக்கொண்டான் வாய்க்கால் வறண்டு, கரைப் புல் கருகி, காகங்கள்கூட நிழல் தேடிப் போய்விட்ட பங்குனி மாத முற்பகலில், அதன் வாசனை மையவாடிச் சுவரைத் தாண்டி ரோடு வரை வந்தது. மனைவியின் கபருக்கு வந்த அப்துல் மாலிக் சைக்கிளைச் சுவரில் சாத்தும்போதே அதை முகர்ந்தான்.

மையவாடியைப் பார்த்துக்கொள்ளும் ஜெகபர் அலி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பாத்தீங்களா தம்பி. முப்பது வருசமா இங்க இருக்கேன், இப்படி ஒரு பூ பாத்ததில்லை. உள்ள இருக்கிறது நல்ல புள்ள. அல்லாவோட பரக்கத்து, அருள்."

"தண்ணி ஊத்தினீங்களாண்ணே?"

"வாய்க்கால்ல தவளைக்கே தண்ணி இல்லை. நான் எங்க போயி ஊத்தறது?"

மாலிக் கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். வேர் செத்துக்கொண்டிருக்கும் மரம் இருக்கிற சத்தையெல்லாம் பூவாக்கித் தள்ளிவிட்டுத்தான் சாகும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன். அதை இந்தப் பெரியவரிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கபரின் மேல் பச்சை ஒன்றை நட்டுவைத்தால், அது வாடாமல் இருக்கும்வரை இறைவனைத் துதித்துக்கொண்டிருக்கும், அந்தத் துதியால் உள்ளே இருப்பவரின் வேதனை லேசாகும் என்பார்கள். மாலிக் அதை நம்புகிறானா என்று யாரும் கேட்டதில்லை. நசீரா நம்பினாள். விஷக்காய்ச்சலில் கண் செருகிக் கிடந்த கடைசி நாளில் அவள் தெளிவாகச் சொன்னது ஒன்றே ஒன்று: "என் மருதாணியைக் கொண்டாந்து வைங்க. வாடாம பாத்துக்கங்க." தென்னூர் வீட்டுக் கொல்லையிலிருந்து அதை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து அவனே நட்டான். அன்றும் அழவில்லை, பிறகும் அழவில்லை. ஒரு வருடமாக அவனுக்குச் சோறு ருசித்ததில்லை, தலை வலித்ததுமில்லை. செடி மட்டும் வாடவில்லை.

குனிந்து தூரைப் பார்த்தான். மண்ணில் கை வைத்தவன் உடனே எடுத்துவிட்டான்.

மண் குளிர்ந்திருந்தது.

பக்கத்துக் கபரின் மண் கொதித்தது. இங்கே மட்டும் விடியற்காலைக் கிணற்றுக்கல் போல ஒரு குளிர். அதோடு, மருதாணி வாசனைக்கு அடியில், திருச்சி மண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வாசனை, மழைக்காட்டின் மக்கிய இலையும் ஈரப் பாறையும் கலந்தது. தூரைச் சுற்றி, பட்டை வெடித்த இடத்திலிருந்து, காளான்கள் கொத்தாகக் கிளம்பியிருந்தன. தேன் நிறத் தொப்பிகள். நடுவில் கறுத்த செதில்கள். ஒவ்வொரு தண்டின் கழுத்திலும் மெல்லிய வெள்ளை வளையம்.

அவனுக்கு அதைத் தெரியும். கல்லூரிச் சுற்றுலாவில் கொடைக்கானல் மலையில் பார்த்திருக்கிறான். அதனால்தான் நம்ப முடியவில்லை.

*

"ஆர்மில்லேரியா," என்றான் ரத்தினவேல். அவனும் டெமான்ஸ்ட்ரேட்டர்தான், ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "கழுத்துல வளையம், தண்டுல இறங்கின செவுள், கறுப்புத் தாள்ல வச்சா வெள்ளைத் தூள். சந்தேகமே இல்லை. தேன் காளான். எந்த மலைக்குப் போயிட்டு வந்தே, சொல்லாம கொள்ளாம?"

"மலைக்குப் போகலை. மையவாடியில எடுத்தேன்."

ரத்தினவேல் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"மாலிக், இது குளிர் தேசத்துச் சரக்கு. சீமையில இருக்கு, ஜப்பான்ல இருக்கு, நம்ம பக்கம் மலை உச்சியில இருக்கு. சமவெளியில எவனும் பார்த்ததா எழுதலை. நம்ம ஊர் வெயில்ல நானே முளைக்க மாட்டேன்."

"முளைச்சிருக்கே."

"ஒரு பேருக்குள்ள எத்தனை இனம் ஒளிஞ்சிருக்குன்னு வெள்ளைக்காரனுக்கே தெரியாது. இருபது வடிவத்தை ஒரே பேர்ல போட்டு மூடி வச்சிருக்கான். இது இருபத்தொண்ணாவதோ என்னவோ." குரலைத் தாழ்த்தினான். "செடியைப் பிடுங்கி எரிச்சிடுப்பா. மத்த காளான் செத்ததைத் தின்னும். இது உயிரோட இருக்கிறதைக் கொன்னு, அப்புறம் உட்கார்ந்து தின்னும். தெரியாதா உனக்கு?"

"எரிக்க மாட்டேன்."

"பிறகு?"

"இதை ஜெயிக்க விடமாட்டேன்."

ரத்தினவேல் வகுப்புக்குப் போனபின், மாலிக் போட்டோ கழுவும் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். மருதாணி வேரின் ஒரு துண்டைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு அங்கே வைத்திருந்தான். கண் இருட்டுக்குப் பழகப் பழக அது தெரிந்தது: பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே விசிறி போல் விரிந்த வெண்படலம், நிலா படிந்த பால்போல மங்கலாக, பச்சையாக, ஒளிர்ந்தது. அதில் அதிசயம் இல்லை. இந்தக் காளான் ஏறிய கட்டை இருட்டில் ஒளிரும் என்று படித்திருக்கிறான். ஆனால் புட்டியின் வெளிப்புறம் வேர்த்திருந்தது. பனிக்கட்டி அடைத்த புட்டிபோல. அவன் விரலை வைத்த இடத்தில், உள்ளே, ஒளி கூடியது. விரலை நகர்த்தினான். ஒளி நகர்ந்தது.

அவன் விரலை எடுக்கவில்லை. நீ முதலில் விலகு, என்று அந்த ஒளியைப் பார்த்து நினைத்தான்.

*

பரவாமல் தடுக்க ஒரே வழி அகழி. இந்தக் காளான் மண்ணுக்கடியில் கறுப்புக் கயிறுகளை நீட்டி, வேரிலிருந்து வேருக்குப் போகும். பூட்ஸ் கயிறு தடிமன். வேர் மாதிரி இருக்கும், வேர் இல்லை. அகழி வெட்டினால் கயிறு அறுபடும்.

"கபர் ஓரமா வெட்டறது சரியில்லைங்க தம்பி," என்றார் ஜெகபர் அலி.

"கபரைத் தொடமாட்டேண்ணே. நாலு பக்கமும் தள்ளித்தான். வாய்க்கால் கரை வேப்பமரத்துலேர்ந்து நோய் வருதுன்னு நினைக்கிறேன். உள்ள வராம மறிக்கணும்."

"உங்க படிப்புல அப்படிப் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"அப்ப வெட்டுங்க. யாராச்சும் கேட்டா நான் தூங்கிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்கு வெட்டினான். கல்லூரிக் கை, சீக்கிரமே கொப்பளித்தது, வலி தெரியவில்லை. வெட்டி முடித்ததும் அகழிக்குள் இறங்கி உட்கார்ந்து, வேப்பமரப் பக்கத்து மண்சுவரைத் தடவினான். காய்ந்த மண். ஒரு நூல்கூட இல்லை.

திரும்பி, கபர்ப் பக்கத்துச் சுவரைப் பார்த்தான்.

கயிறுகள் அங்கே இருந்தன. நூற்றுக்கணக்கில். பளபளப்பாக, ஈரமாக, அறுபட்ட நரம்புகள்போல மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தன. மண்வெட்டிக்குத் தப்பியவற்றுக்கு வெளிர்சிவப்பாகக் கூர்நுனி இருந்தது. நுனி இருக்கும் பக்கம்தான் அது வளரும் பக்கம். எல்லா நுனியும் வெளியே பார்த்தது.

அது உள்ளே போகவில்லை. உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது.

*

நசீராவின் அத்தா கியாசுதீனுக்குப் பாலக்கரையில் மரவாடி. ரம்பச் சத்தத்துக்கு நடுவே மருமகனைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை. டேய், மோர் கொண்டாங்கடா. என்ன கை இது, துணி சுத்தியிருக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா. ஒரு விஷயம் கேக்கணும். அன்னிக்குக் குழிக்குள்ள அவ மேல மூடின பலகை... எந்த மரம்?"

கியாசுதீன் ரம்பத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"எல்லாரும் மூங்கிலோ பழைய பலகையோதான் போடுவாங்க. மட்கிப் போறதுதானேன்னு. எனக்கு மனசு வரலை. ஊருக்கெல்லாம் மரம் விக்கிறேன், என் மகளுக்கு மட்டமான பலகையா? அன்னிக்குத்தான் கொடைக்கானல் மலையிலேர்ந்து வண்டி வந்துச்சு. பச்சை மரம். பட்டைகூட உரிக்கலை. அந்த ஈரத்தோடயே அறுத்து அனுப்பினேன். குளுகுளுன்னு இருக்கட்டுமேன்னு." மூக்கை உறிஞ்சினார். "ஏன் கேக்கறீங்க?"

மாலிக் அவர் முகத்தைப் பார்த்தான்.

"சும்மாதான் மாமா. நல்ல மரம்."

"பூத்துக் குலுங்குதாமே, ஜெகபர் வந்து சொன்னான். அவ அம்மா அதைக் கேட்டப்புறந்தான் அன்னிக்கு வயிறாரச் சோறு தின்னா. பொம்பளைங்க அங்க வந்து பாக்க முடியாது. நீங்க பாத்துச் சொல்றதுதான் அவளுக்கு. வாடாம பாத்துக்கங்க மாப்பிள்ளை."

"பாத்துக்கறேன்."

போகும்போது மூலையில் நின்று பார்த்தான். அதே மரத்தின் மிச்சப் பலகைகள் வெயிலில் கிடந்தன. பட்டையைக் கத்தியால் நெம்பினான். உள்ளே விசிறித் தடம் இருந்தது, காகிதம்போல உலர்ந்து, செத்து. திருச்சி வெயில் அதை எப்போதோ கொன்றுவிட்டிருந்தது. கொல்லத்தான் வேண்டும்.

அப்படியானால் கீழே இருந்தது எப்படிப் பிழைத்தது? நாலைந்து பலகை. ஒரு வருடம். பலகை தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு அது எதை...

அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. கத்தியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

*

பூக்கள் ஒரே நாளில் உதிர்ந்தன. மருதாணி குச்சியாக நின்றது. அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்று வைத்தான். வாடியது. இன்னொன்று. அதுவும். ஒவ்வொன்றின் வேரையும் கயிறு சுற்றியிருந்தது, அவசரமில்லாமல், குழந்தைக்குச் சடை பின்னுவதுபோல. கல்லூரியிலிருந்து நேரே இங்கே வந்தான். அகழிக்குள் இறங்கி நீட்டியிருந்ததையெல்லாம் அறுத்தான், மயில்துத்தத் தண்ணீர் ஊற்றினான், மறுநாள் வந்தால் மறுபடி நீண்டிருந்தது. அறுத்தான். மாமியாரிடம் பச்சையாக இருக்கிறது என்றான். அது பொய்யாகக் கூடாது என்பதற்காக, பொழுது சாய்வதற்குள் புதுச் செடி ஒன்றை வைத்துவிடுவான். ஜெகபர் அலி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டார்.

"உனக்கு என்ன வேணும்?" என்று ஒரு நாள் மண்ணிடம் கேட்டான். "அவளுக்குன்னு இருக்கிறது இந்தப் பச்சை ஒண்ணுதான். அதைத் தரமாட்டேன். என்ன செய்யணுமோ செஞ்சுக்க."

சித்திரையில் கோடை மழை வந்த மாலை. மேற்கே முக்கொம்புப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, மலைக்கோட்டை மறைந்து, அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்குக்கு முன்பே மையவாடி கருத்துவிட்டது. வேப்பமரங்கள் ஒன்றோடொன்று உரசி முனக, முதல் துளிகள் புழுதியில் விழுந்து வெடிக்க, மண் வாசனைக்குப் பதிலாக அந்த மலை வாசனைதான் எங்கும் எழுந்து தொண்டையை அடைத்தது. அகழியில் தண்ணீர் ஏறியது. காலில் பனிபோல் குளிர்ந்தது. மாலிக் கத்தியை விரித்துக்கொண்டு குனிந்தான்.

இன்று கயிறுகள் நூற்றுக்கணக்கில் இல்லை. ஒன்றுதான் இருந்தது. மற்றவை எல்லாம் சேர்ந்து முறுக்கிய ஒன்று. மணிக்கட்டுத் தடிமன்.

கத்தி இறங்கவில்லை. மறுபடி அறுத்தான். கத்தி முறிந்தது.

சரி.

இரண்டு கையாலும் பிடித்தான். அகழி விளிம்பில் காலை ஊன்றினான். இழுத்தான். கிணற்றுக் கயிறுபோல அது வந்தது. ஒரு முழம். இன்னொரு முழம். பிறகு நின்றது.

பாறையில் மாட்டிக்கொண்டால் கயிறு விறைப்பாக நிற்கும். இது அப்படி நிற்கவில்லை. தொய்ந்தது. மெல்ல இறுகியது.

மறுமுனை இழுத்தது.

கை எரிந்தது. கொப்புளங்கள் உடைந்தன. ஒரு வருடத்துக்குப் பிறகு அவனுக்கு வலித்தது. மெய்யாகவே வலித்தது. அவன் வாய்விட்டுக் கத்தினான், அது அழுகைபோலவும் இருந்தது. கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டான். அது இழுத்தது. அவன் இழுத்தான். மூச்சு விடும் வேகத்தில். அவன் மூச்சு இல்லை.

அவன் பிடித்திருப்பது காளானையா. காளான் பிடித்துவைத்திருப்பதையா. விட்டுவிட்டால் தெரியாமலே போகும். இழுத்தால் வந்துவிடும். எது?

தலைமாட்டில் புதுச் செடி ஆடியது. ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கியது. நின்றது. அவன் ஒரு கையை நீட்டி அதன் தண்டைப் பற்றிக்கொண்டான். மற்ற கையில் கயிறு.

"தரமாட்டேன்," என்றான்.

கபரின் மண் மேலே எழும்பியது. தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை நீளமாக ஒரு வெடிப்பு ஓடியது. வெடிப்புக்குள் பச்சை வெளிச்சம். மழை அதற்குள் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கயிறு இறுகியது. அவன் விடவில்லை. உள்ளேயிருந்து, ஈர மரம் பிளக்கும் ஓசையோடு, முதல் பலகை எழுந்தது.