நிற்க வைத்த மக்ரோனி

மாரிசெல்வியின் கணக்கு நோட்டுக்கு வீட்டில் ஏகப்பட்ட மவுசு. கணக்கில் அவள் புலி என்பதால் இல்லை. அந்த நோட்டின் அட்டை அப்படி!

நாரணாபுரத்துப் பிள்ளைகள் அட்டை போடப் பழுப்புத்தாள் தேடி அலைய மாட்டார்கள். பக்கத்தில் சிவகாசி இருக்கிறது. அங்கே அச்சாபீஸ்களில் கழித்துப்போடும் வேஸ்ட் தாள் இருக்கிறது. ஒருவன் நோட்டில் சோப்பு டப்பா இருக்கும், இன்னொருத்தி நோட்டில் பாதிப் பிள்ளையார் இருப்பார். மாரிசெல்விக்குக் கிடைத்தது மக்ரோனி படம். ஒரு தட்டு நிறைய மக்ரோனி, மேலே ஆவி பறந்தது. மேலே பொன்னிறமாக முறுகிய ஏடு. கரண்டியில் அள்ளிய இடத்தில் சீஸ் நூல் நூலாக இழுபட்டது.

தம்பி முனியராஜ் அந்த நோட்டை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டுதான் ரசம் சோறு சாப்பிடுவான். படத்தைப் பார்ப்பான், சோற்றை விழுங்குவான்.

அப்பா வேலுச்சாமி லாரி ஓட்டுகிறவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அவர் வீட்டில் இருக்கும் நாளில் அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை இருக்கும். நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது தீபாவளிக்குத் தீபாவளிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வந்து இறங்கினார். பையைத் திறந்து இரண்டு பொருள்களை வெளியே வைத்தார். ஒன்று, வளையாத நேர்க்குழாய் மக்ரோனி பாக்கெட். இன்னொன்று, சீஸ் டப்பா.

"யப்பா! நோட்டு அட்டை!" என்று முனியராஜ் கத்திய கத்தில் கோழி கூரை மேல் ஏறிவிட்டது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு அடுத்த லோடுத்தா. எல்லாம் ரெண்டாயிரத்தி ஏழு காலண்டர். திரும்பி வர பொங்கல் ஆயிரும்" என்றார் அப்பா. "அதுக்குள்ள செஞ்சு, நாலு பேரும் ஒரே தட்டுல உக்காந்து திம்போமா?"

"திம்போம்ப்பா! நீங்க தூங்குங்க, நான் பாத்துக்கிடுதேன்!"

இரவெல்லாம் வண்டி ஓட்டிய அப்பா, அடுத்த நிமிடமே குறட்டை விட்டார்.

பாக்கெட்டின் பின்னால் படம் படமாகப் போட்டிருந்தது. முதல் படத்தில் மக்ரோனியை வேகவைத்தார்கள். அடுத்ததில் வெண்ணெய், மைதா, பால், சீஸ் எல்லாம் சேர்த்துக் குழம்பு காய்ச்சினார்கள். அதற்கடுத்த படத்தில் தட்டு. கடைசிப் படத்தில் தட்டை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

"எக்கா, டிவிக்குள்ள வைக்கணுமாம்!" என்றான் முனியராஜ்.

"ஏலே, அது அடுப்புலே. நாலு பக்கமும் சூடு அடிக்கிற அடுப்பு."

அப்படி ஓர் அடுப்பு இவர்கள் வீட்டில் இல்லை. தெருவிலேயே இல்லை. மாரிசெல்வி கன்னத்தில் கைவைத்து யோசித்தாள். நாலு பக்கமும் சூடு... பன் எப்படி வேகிறது?

"பேக்கரி!" என்று துள்ளிக் குதித்தாள்.

அம்மா வெள்ளைத்தாய் மக்ரோனியை வேகவைத்து வடித்தாள். தேங்காய்த் துருவியில் சீஸைத் துருவினாள். பால் காய்ச்சிக் கிளறியதும் வாசனை தெருமுனை வரை போனது.

"எம்மா, நீங்க இதையும் அதையும் சேத்துத் தட்டுல வையுங்க. நான் பேக்கரி அண்ணாச்சிகிட்ட கேட்டுட்டு ஓடியாரேன்" என்று சொல்லிவிட்டு, மாரிசெல்வி செருப்பைக்கூட மாட்டாமல் பறந்தாள்.

மெயின் ரோட்டில்தான் பேக்கரி. பெத்தணன் அண்ணாச்சி மாவு படிந்த கையோடு அவள் சொன்னதைக் கேட்டார்.

"மக்ரோனியா? எங்க அடுப்புலயா?" அண்ணாச்சிக்கே ஆசை வந்துவிட்டது. "சாயங்கால பன்னு எல்லாம் நாலு மணிக்கு வெளிய வந்துரும். அடுத்து உன் தட்டுதான். அரை மணி நேரம் ஆகும் பாத்துக்க. மேல தூவ ரஸ்க் தூள் தாரேன், அப்பத்தான் முறுகும்."

நாலரைக்கு வெந்துவிடும். ஐந்து மணிக்குத்தான் லாரி. மாரிசெல்வி ரஸ்க் தூள் பொட்டலத்தோடு வீட்டுக்கு ஓடினாள். வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

அம்மாவும் தம்பியும் தரையில் உட்கார்ந்து மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒவ்வொரு மக்ரோனியாக எடுத்தாள். ஒரு பக்க ஓட்டையை மைதா மாவு உருண்டையால் அடைத்தாள். சதுரத் தட்டின் மூலையில் செங்குத்தாக நிற்க வைத்தாள். ஒன்றோடு ஒன்று ஒட்டி, அணிவகுப்பு மாதிரி நின்றன மக்ரோனிகள். தட்டில் கால்வாசிகூட நிறையவில்லை. மீதி மக்ரோனி சட்டியில் மலையாகக் கிடந்தது.

"எம்மா, என்ன செய்றீக?"

"நீதான சேத்து வைக்கச் சொன்ன? குழாய்னா அடியை அடைச்சு, நிக்க வச்சு, மேல நெரப்பணும்லா? இனிமேத்தான் குழம்பை ஊத்தணும்."

பட்டாசுக் கம்பெனியில் அம்மாவுக்கு அதுதான் வேலை. காகிதக் குழாய்களை நெருக்கி அடுக்கி, ஒரு பக்கம் மண்ணை வைத்து அடைப்பாள். மருந்து நிரப்புவது அடுத்த அறையில் நடக்கும். குழாயைக் கண்டால் அவள் கை சும்மா இருக்குமா?

மாரிசெல்விக்குச் சிரிப்பு முட்டியது. "எம்மா, சட்டியிலயே எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கிளறணும். அம்புட்டுத்தான்."

அம்மா வாயைப் பிளந்தாள். "சும்மா கிளறுறதா? அப்ப எதுக்குக் குழாய்?"

நல்ல கேள்விதான்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "நெனச்சுப் பாக்கவே இல்லையே. நேரம் வேற ஆயிருச்சு. எல்லாத்தையும் சட்டியில தட்டிருதேன்" என்று தட்டைக் கவிழ்க்கப் போனாள்.

"வேண்டாம்மா!" மாரிசெல்வி தட்டை இறுக்கிப் பிடித்தாள். எவ்வளவு வரிசையாக நிற்கின்றன! ஒன்றுகூடச் சாயவில்லை. அதைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை. "நிக்கிறது அப்படியே நிக்கட்டும். மிச்சத்தை மட்டும் குழம்புல கிளறி இந்தப் பக்கம் கொட்டுவோம். நிக்கிறது மேல தனியா ஊத்துவோம்."

அப்படியே செய்தார்கள். அம்மா ஒரு சொட்டு சிந்தாமல் குழாய்க்குள் ஊற்றினாள். முனியராஜ் ரஸ்க் தூளைத் தூவினான், கொஞ்சம் மக்ரோனி மேலும், நிறையத் தன் வாயிலும்.

அக்காவும் தம்பியும் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, பேக்கரிக்கு நடந்தும் ஓடியும் போனார்கள். அங்கே பன் இன்னும் வேகவில்லை! "விறகு ஈரம் தாயி" என்றார் அண்ணாச்சி. ஒருவழியாகத் தட்டு அடுப்புக்குள் போனபோது மணி நாலரை.

மாரிசெல்வி கடிகாரத்தையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போது ரோட்டில் ஒரு ஹாரன் கேட்டது. பாம், பாபாம்! தார்ப்பாய் போட்டுக் கட்டிய லாரியை இன்னொரு டிரைவர் அவர்கள் தெருப்பக்கம் திருப்பினார்.

"எக்கா, அப்பா லாரி! அதுக்குள்ள வந்துருச்சே! அப்பா போயிருவாக!" முனியராஜின் கண் கலங்கிவிட்டது.

"அண்ணாச்சி, இப்ப எடுத்துருவமா?"

"இப்ப எடுத்தா கூழுதான். இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்."

தட்டு வீட்டுக்குப் போய்ச் சேர நேரம் இல்லை. பொங்கல் வரை அப்பா வரமாட்டாரே! மாரிசெல்வி ரோட்டைப் பார்த்தாள். வீட்டுக்குப் போன லாரி எந்த வழியாகத் திரும்பி வரும்? இதே வழியாகத்தான். ஊருக்கு இருப்பதே இந்த ஒரு ரோடுதானே!

"ஏலே முனி! ஓடு! தட்டு வீட்டுக்கு வராது. நம்ம வீடு இங்கன வரணும். அம்மாவையும் லாரியில ஏத்திக்கிட்டு வரச் சொல்லுலே!"

முனியராஜ் ராக்கெட்டாகப் பாய்ந்தான்.

சற்று நேரத்தில் லாரி வந்து பேக்கரி வாசலில் நின்றது. முன் கதவு திறந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா இறங்கினாள். கையில் நான்கு கரண்டி, முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவின் லாரியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை.

"எம்புட்டு உசரம்! ஊரே குட்டியாத் தெரியுது!" என்றாள்.

"வந்துட்டீகளா? தள்ளுங்க, தள்ளுங்க!" அண்ணாச்சி நீளக் கம்பியால் தட்டை வெளியே இழுத்தார்.

பொன்னிறம்! ஓரத்தில் முறுகல்! சீஸ் தளதளவென்று கொதித்தது. "நோட்டு அட்டையேதான்!" என்று முனியராஜ் தரையிலிருந்து எகிறிக் குதித்தான்.

பேக்கரி பெஞ்சில் தட்டை வைத்து நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். லாரியை ஓட்டிவந்த அந்த டிரைவருக்கும் அண்ணாச்சிக்கும் ஆளுக்கொரு பங்கு போனது. அப்பா ஊதி ஊதிச் சாப்பிட்டார். பிறகு மூலையில் கரண்டியை விட்டார். அங்கே மக்ரோனிகள் சாயாமல் நின்றன. ஒவ்வொரு குழாயும் விளிம்பு வரை சீஸ். வாயில் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த மூலை மட்டும் எப்படித்தா இப்படி இருக்கு? கடிச்சா உள்ள இருந்து பொங்குது!"

"அது அம்மா செஞ்ச மூலைப்பா" என்றாள் மாரிசெல்வி.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அப்புறம் அந்த மூலைக்கு நடந்தது பெரிய சண்டை. கடைசிக் குழாயை முனியராஜ் தட்டிப் பறித்து விழுங்கினான்.

பாம், பாபாம்! அப்பா லாரியில் ஏறினார். ஜன்னலில் தலையை நீட்டினார்.

"வெள்ளைத்தாயி! பொங்கலுக்கு வாரப்ப தட்டு முழுக்க நிக்க வச்சுரு!"

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நாலு பேரும் உக்காந்து அடைச்சாத்தான் முடியும். லீவு போட்டுட்டு வாங்க, ஆர்டரை எடுத்துக்கிடுதேன்!"