ஒற்றைச் சாவி

வண்டிக்குள் ஏலக்காய் வாசம் அடித்தது. விஜயபாண்டி முதலில் அதைக் கண்டுகொள்ளவில்லை. காலையிலிருந்து பெட்ரோலும் கிரீசும் ஏறிய மூக்கு, எதையாவது கற்பனை செய்துகொள்ளும் என்று விட்டுவிட்டான். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபோதும் வாசம் அப்படியே இருந்தது, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காயை நகத்தால் உரித்துப் போட்டது போல. இது கம்பத்தில் திராட்சைப் பெட்டி ஏற்றித் திரிந்த வண்டி. இதில் ஏலக்காய்க்கு வேலையே இல்லை.

ஏலக்காய் ஏசுதாசனுடையது. போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர். சாம்பிள் பைகளை எப்போதும் தன் காரிலேயே வைத்திருப்பார். போன மார்கழியில் அந்தக் கார் போடிமெட்டு மலைப்பாதையில் ஒரு வளைவில் திரும்பாமல் நேராகப் போய், அவரையும் கொண்டுபோய்விட்டது. பக்கவாட்டில் பாறையில் மோதியதால் கூடு நசுங்கி, இஞ்சின் மட்டும் கீறல் இல்லாமல் பிழைத்தது. அவர் மனைவி எப்சிபா அதைப் பழைய இரும்புக்குப் போட மனசில்லாமல், அதே மாடலில் இஞ்சின் போன இந்தக் கம்பத்து வண்டியை வாங்கி, அந்த இஞ்சினை இதில் மாட்டச் சொல்லி மெக்கானிக் விஜயபாண்டியிடம் விட்டிருந்தாள். "அவுக வண்டிச் சத்தமாச்சும் வீட்டு வாசல்ல கேக்கட்டும் தம்பி" என்றாள். நாளை ஏசுதாசன் பிறந்தநாள். இந்த வண்டியில்தான் கோவிலுக்குப் போக வேண்டும் என்று ஆசை. சாயங்காலம் ஆறு மணிக்கு மகனோடு வருவாள்.

மணி நாலு ஆகிவிட்டது. இஞ்சின் ஓடவில்லை.

பழனிசெட்டிபட்டியில் ஞாயிற்றுக்கிழமை, அக்கம்பக்கத்துக் கடை எல்லாம் அடைப்பு. ஆடிக் காற்று மேற்கேயிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்து தகரக் கூரையைத் தட்டி, ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, பிறகு போட்டுவிட்டுப் போனது. திறந்து கிடக்கும் இஞ்சினில் மண் விழக் கூடாது என்று ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கியிருந்தான். அதனால் பட்டப்பகலிலேயே பட்டறைக்குள் ஒரு இருட்டு. மேலே ஒரு ஓட்டை வழியாக விழுந்த வெயில், தரையில் எண்ணெய்க் கறை மேல் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கிடந்து காற்றில் நடுங்கியது.

சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்பு இரண்டு நொடி முனகி நிற்கும். அது சரி. பிரஷர் மீட்டர் வைத்துப் பார்த்தான், சரி. பிளக்கைக் கழற்றிப் பிடித்தால் பொறி வந்தது. எர்த் ஒயர், ஃபியூஸ், சென்சார் எல்லாவற்றையும் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினான். ஸ்டார்டர் சுற்றும், இஞ்சின் ஒரே ஒரு நொடி பிடிக்கும், அடுத்த நொடி கழுத்தைப் பிடித்தாற்போல் அணையும். அறுபது தடவை. எண்ணுவதைக்கூட நிறுத்திவிட்டான்.

மீட்டரில் சாவிப் படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருப்பதை அவன் காலையிலேயே பார்த்திருந்தான். பார்த்தும், வேறு எதுவாவது இருக்கட்டும் என்று மற்றதையெல்லாம் நோண்டினான். இப்போது ஒளிய இடமில்லை. கம்பத்து வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டியில் மழைத் தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருந்ததால், ஏசுதாசன் வண்டியின் பெட்டியையும் ஒயரிங்கையும் இஞ்சினோடு சேர்த்தே இங்கே மாட்டியிருந்தான். அந்தப் பெட்டிக்குத் தன் பழைய சாவி வேண்டும். சாவித் தலைக்குள் அரிசி அளவு ஒரு சில்லு இருக்கும். சாவித் துளையைச் சுற்றியுள்ள வளையம் அதைப் படித்தால்தான் விளக்கு அணையும், இஞ்சின் ஓடும். நாலு விரற்கடை தள்ளிப் பிடித்தால்கூட அந்த வளையத்துக்கு எட்டாது.

இஞ்சின் ஓடித்தான் ஆக வேண்டும். விஜயபாண்டி ஏழு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. இந்த இஞ்சின் ஓடிவிட்டால், அந்த அக்கா ஒரு தடவை சிரித்துவிட்டால், அதோடு எல்லாம் தீர்ந்தது என்று தனக்குத்தானே ஒரு பேரம் பேசி வைத்திருந்தான்.

விபத்துக்கு முதல் நாள் அந்தக் காருக்கு இடது முன்சக்கர பிரேக் குழாயை மாற்றியது அவன்தான். நட்டைக் கையால் இறுக்கிவிட்டு ஸ்பேனரை எடுக்கும்போது போன் வந்தது. பேசிவிட்டு வந்து சக்கரத்தை மாட்டிவிட்டான். நசுங்கிய காரைக் கிரேனில் தூக்கி வந்து சக்கரத்தைக் கழற்றிய அன்று, அந்த நட்டு அவன் இரண்டு விரலுக்கே சுற்றிக்கொண்டு வந்தது. யாரும் பார்ப்பதற்குமுன் ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டான். போலீசில் தூக்கக் கலக்கம் என்று எழுதி ஃபைலை மூடினார்கள். அடக்கத்தன்று முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பெட்டியின் கால்மாட்டிலேயே நின்றான். சாம்பல் நிறக் கோட்டும் சூட்டுமாகக் கிடந்தவரின் காலில் வெள்ளைச் சாக்ஸ். இன்றுவரை கண்ணை மூடினால் அந்த இரண்டு பாதங்கள்தான்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே எப்சிபாவுக்குப் போன் போட்டான். கையில் கிரீஸ், ஸ்பீக்கரில் வைத்துப் பக்கத்து சீட்டில் போட்டான்.

"சொல்லுங்க தம்பி. ஓடிருச்சா?"

"இன்னும் இல்லக்கா. சார் வண்டியோட பழைய சாவி உங்ககிட்ட இருக்கா?"

காற்று ஷட்டரை உலுக்கியது.

"அது அவுககூடவே போயிருச்சு தம்பி. போலீஸ்ல குடுத்த சாமானோட வந்துச்சு. பெட்டிய மூடுறதுக்கு முன்னால நான்தேன் கோட்டுப் பையில வச்சுவிட்டேன். வண்டின்னா அவுகளுக்கு உசுருல்ல."

"இன்னொரு சாவி இருக்கும்லக்கா?"

"ஒத்தச் சாவிதேன். மத்தது எப்பவோ தொலஞ்சுபோச்சு."

அவன் நெற்றியை ஸ்டீரிங்கில் சாய்த்துக்கொண்டான். அழுகை வந்தது. எல்லாம் முடிந்தது. எதுவும் தீரப்போவதில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கவா?" எப்சிபா குரலைத் தாழ்த்தினாள். "அவுக குடிச்சிருந்தாகன்னு சபையில பேசிக்கிறாக. பெத்த மகனே ஒரு நா எங்கிட்டக் கேட்டுட்டான். ஒரு சொட்டு தொட்டதில்ல தம்பி அவுக. மொத நாள் நீங்கதான பிரேக் பாத்துக் குடுத்தீக? அதுல ஏதும் கோளாறு இருந்திருக்குமா? இருந்தாச் சொல்லுங்க. நான் உங்கள ஒண்ணும் சொல்லமாட்டேன். அவுக பேருதேன் எனக்கு முக்கியம்."

நட்டு என்ற வார்த்தை அவன் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தான்.

"இல்லக்கா. பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு."

சிவப்பு விளக்கு அணைந்தது.

அவன் அதையே பார்த்தான். மின்னவில்லை. பல்பு போயிருக்கும். ஒயர் லூசாகியிருக்கும். ஆனால் ஏலக்காய் வாசம் இப்போது பக்கத்திலிருந்து வரவில்லை. அவன் மூக்குக்கு நேர் கீழே இருந்து வந்தது, அதோடு ஈர மண் வாசமும். கை சாவி மேலேயே இருந்தது. ஆசை பயத்தைவிட ஒரு விநாடி முந்திக்கொண்டது. திருப்பினான்.

பிடித்தது. ஒரு நொடி. இரண்டு நொடி. ஐந்து. இஞ்சின் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"தம்பி!" எப்சிபா கத்தினாள். "அவுக வண்டிதேன்! அதே சத்தம்! எப்படித் தம்பி?"

எப்படி. நாலு விரற்கடை. அந்தச் சாவி இந்த வளையத்துக்கு நாலு விரற்கடைக்குள் இருக்கிறது. ஸ்டீரிங்குக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கிறது. அது ஒரு கோட்டுப் பையில் இருந்தது. கோட்டுப் பை இருப்பது...

சாவியைப் பின்னால் திருப்பி உருவிவிட்டான். கையில் இருந்தது கம்பத்து வண்டிச் சாவி. இஞ்சின் நிற்கவில்லை.

கதவுப் பிடியை இழுத்தான். வரவில்லை. மறுபடி. வரவில்லை.

கண்ணாடியில் பின்னால் ஷட்டர் சிவந்தது. அணைந்தது. சிவந்தது. பிரேக் விளக்கு. அவன் பிரேக்கை மிதிக்கவில்லை. இரண்டு காலையும் சீட்டோடு ஒட்டி இழுத்துக்கொண்டான். சிவந்தது. அணைந்தது. வண்டி அசையவில்லை. ஆனால் அவன் உடம்பு முன்னால் சரிந்தது, செங்குத்தான இறக்கத்தில் போவது போல. இஞ்சின் இரைந்தது.

"வச்சுராதீக தம்பி," எப்சிபா அழுதுகொண்டே சிரித்தாள். "ஓடட்டும். அவுக கூடவே இருக்க மாதிரி இருக்கு."

"அக்கா." காற்று மட்டும் வந்தது. "அக்கா, நட்டு..." குரல் வரவில்லை. சொல்ல வேண்டியபோது சொல்லாத குரல், இப்போது கெஞ்சியும் வரவில்லை.

சிவந்தது. அணைந்தது. சிவந்தது. வேகமாக. இன்னும் வேகமாக.

அவன் கீழே பார்த்தான்.

ரப்பர் செருப்புப் போட்ட தன் இரண்டு கால்கள். அவற்றுக்கு நடுவே, செம்மண் அப்பிய வெள்ளைச் சாக்ஸ் போட்ட ஒரு பாதம், பிரேக்கைத் தரைவரை மிதித்தது, எடுத்தது, மிதித்தது.